கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே

எங்கள் கருங்குழிப் பக்கம் காமிக்ஸ் படிக்கிற நாலு பேர் கூடினால் ஒரு வழக்கு தவறாமல் கிளம்பும். திகில் கிராபிக் நாவல் நமக்கு எதற்கு, கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர் போதாதா என்பார் ஒருவர். முடிவில் நாயகன் ஜெயிக்காத கதையையெல்லாம் ‘அழுகாச்சிக் காவியம்’ என்று ஓரங்கட்டுவார் இன்னொருவர். மூன்றாமவர் சொல்வதுதான் யோசிக்க வைக்கிறது: “படிச்சேன், பயமே வரலையே!”

பயம் நமக்குப் புதிதில்லை. அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமன் வேதாளம் படத்தை நினைத்துப் பாருங்கள். தோளில் பிணம், கையில் உருவிய வாள். அந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு இரவில் கொல்லைப்பக்கம் போகப் பயந்த தலைமுறை நாங்கள். 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவி கதையோடு தொடங்கியது. 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது. 1986-இல் ‘திகில்’ என்ற பெயரிலேயே தனி இதழ் வந்தது. கறுப்புக் கிழவி என்ற பாத்திரம் கதை சொன்னதெல்லாம் அந்தக் காலத்தில்தான். சாணித்தாளில் மை ஊறி, முகம் எது, நிழல் எது என்று தெரியாது. அதுவும் பயத்துக்கு உதவியது என்றே நினைக்கிறேன்.

பிறகு லயன்-முத்து குழுமம் டைலன் டாக்கைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. திசியானோ ஸ்கிளாவி 1986-இல் இத்தாலியில் படைத்த பாத்திரம் இவர். லண்டனில் வாழும் அமானுஷ்யத் துப்பறிவாளர். தமிழில் வந்த ‘அந்தி மண்டலம்’ கதையைச் சொல்கிறேன்; மர்மத்தை உடைக்க மாட்டேன். ஏரிக்கரையில் ஒரு சிற்றூர். அங்கே நேற்றைக்கும் இன்றைக்கும் வேறுபாடே இல்லை. பேய் பாய்வதற்காகக் காத்திருந்து படித்தால் ஏமாற்றம்தான். அந்த ஊரில் ஏதோ சரியில்லை என்ற உறுத்தல் பக்கத்துக்குப் பக்கம் ஏறிக்கொண்டே போகிறதே, அதுதான் கதை. பயம் வரவில்லை என்ற நண்பர் இதை பஸ்ஸில் இருபது நிமிஷத்தில் முடித்தவர்.

சினிமாவில் திடீரென்று சத்தம் போட்டுத் தூக்கிவாரிப் போடச் செய்யலாம். சித்திரக்கதைக்கு அந்த வசதி கிடையாது. அதன் பயமெல்லாம் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவிலுள்ள வெள்ளை இடைவெளியில் இருக்கிறது. இந்தக் கட்டத்தில் கை கதவுப்பிடியில். அடுத்த கட்டத்தில் கதவு திறந்து கிடக்கிறது, ஆளைக் காணோம். நடுவில் நடந்ததை வரைந்தது யார்? வாசகர்தான்.

இந்த வித்தையை மாமல்லபுரத்திலேயே பார்க்கலாம். திரௌபதி ரதத்துக்குள் பின்சுவரில் கொற்றவை நிற்கிறாள். காலடியில் மண்டியிட்ட ஒருவன் ஒரு கையால் தன் தலைமுடியைப் பற்றி, மறு கையால் கழுத்தில் வாள் வைத்திருக்கிறான். ஒரு சொட்டு ரத்தம் இல்லை, தலை விழவும் இல்லை. பல்லவச் சிற்பி அந்த நொடியோடு உளியைக் கீழே வைத்துவிட்டான். மீதியை நாம் முடிக்கிறோம். கண்ணை எடுக்க முடியாமல் நான் அங்கே நின்றிருக்கிறேன்.

இவ்வளவு இருந்தும் நம் இருளை நாம் படக்கதையாக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். மணிமேகலையில் சுடுகாட்டுப் பேயைக் கண்டு சார்ங்கலன் என்ற சிறுவன் அஞ்சியே உயிர் விடுகிறான். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் அடுகின்றன. ஜப்பானியர் கையில் கிடைத்திருந்தால் இந்நேரம் பத்துத் தொகுதி வந்திருக்கும். இத்தாலிக் கதையைத் தமிழில் படிப்பது நல்லதுதான்; நம் ஓவியர்கள் பரணியைக் கறுப்பு வெள்ளையில் வரைந்து பார்க்க வேண்டும். அச்சிட சிவகாசி இருக்கிறது, வாங்க நாங்கள் இருக்கிறோம்.

இதெல்லாம் பிள்ளைகள் கையில் கிடைத்தால் என்ன ஆவது என்று கவலைப்படும் பெற்றோர் சொல்வதில் நியாயம் உண்டு. காமிக்ஸ் என்றாலே குழந்தைக்கானது என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. அதனால் ‘பெரியவர்களுக்கு’ என்று அட்டையிலேயே பெரிதாகப் போட்டுவிடுவது நல்லது.

பயம் வரவில்லை என்கிறவர்களுக்கு ஒரு யோசனை. முதல் தடவை கதைக்காகப் படியுங்கள். இரண்டாம் தடவை வசனத்தைத் தொடாமல் படங்களை மட்டும் பாருங்கள், இரவு வீடு அடங்கிய பிறகு.