நண்பர் விட்டுச்சென்ற கணக்கு

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி, மறைந்த பங்குப் பணியாளர்களை நினைவுகூர்ந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேடையில் நிற்பவர் ஒருவரே ஆயினும் பேசுகிறவர்கள் இருவர். மற்றவர் முழங்கால் வலியால் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். மூன்றாமவர் நம் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். அவரைப் பற்றிப் பேசவே எங்களை அழைத்திருக்கிறீர்கள். மலரில் அவருடைய பெயரோ படமோ போட வேண்டாம் என்று அவருடைய துணைவியார் கேட்டுக்கொண்டார். ஆகவே 'நண்பர்' என்றே சொல்லிப் போகிறோம். யாரென்று உங்களில் பெரும்பாலோர்க்குத் தெரியும்.

1978-ஆம் ஆண்டு நாங்கள் மூவரும் சேர்ந்து இத்தூத்துக்குடியில் ஒரு சிறிய அச்சகம் தொடங்கினோம். கைவசம் இருந்தது பழைய ட்ரெடில் எந்திரம் ஒன்றும், நான்கு பெட்டி ஈய எழுத்துகளுமே. அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சேறி அப்போது சரியாக நானூறு ஆண்டுகள். அதைச் சொல்லித்தான் நண்பர் எங்களுக்குத் துணிவூட்டினார். "தமிழுக்கு முதல்ல அச்சுப் போட்டது நம்ம சாமியார்லே, நாம போட்டா நட்டமா வந்துரும்?" என்பார். நட்டமும் வந்தது, பின்னர் இலாபமும் வந்தது. எங்களில் ஒருவர் எந்திரம் பார்த்தார், ஒருவர் வெளியே போய் வேலை பிடித்தார். அச்சுக்கோர்ப்பதும் பிழை திருத்துவதும் நண்பரின் பொறுப்பு. திருமண அழைப்பிதழ், நவநாள் செபப் புத்தகம், கோயில் வரி இரசீது என நம் பங்கின் தாள்கள் எல்லாம் அவருடைய கண்பட்டே வெளிவந்தன. ஒற்றெழுத்து ஒன்று விடுபட்டாலும் இரவோடிரவாகப் பாரத்தைப் பிரித்துப் போடச் சொல்வார். நாங்கள் முணுமுணுப்போம். அவரோ வெற்றிலையை மடித்து, பாக்கும் புகையிலையும் வைத்து, இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

2000-ஆம் ஆண்டு நம் பங்குக்கு வெள்ளிவிழா. திருச்சபையும் மாபெரும் யூபிலி கொண்டாடிய ஆண்டு அது. விழா மலர் அச்சடிக்கும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. அந்த ஜூன் மாதத்தில்தான் நண்பர் கன்னத்தின் உட்புறம் ஒரு புண் இருப்பதாகச் சொன்னார். காரம் பட்டால் எரிகிறது என்றார். மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டுப் பார்த்தார். ஜூலையிலும் ஆறவில்லை. ஒருநாள் காலையில், "டாக்டரைப் பாத்துட்டு வந்துரட்டுமா?" என்று எங்களிடம் கேட்டார். நாங்கள் சொன்ன பதில் இன்றும் எங்கள் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. "விழா முடியட்டும்லே, மலர் நிக்குது" என்றோம். அவரும், "ஆமா, முடியட்டும்" என்று சிரித்துக்கொண்டே புரூப்பை எடுத்தார். செப்டம்பரில் விழா சிறப்பாக நடந்தது. மலரில் ஒரு பிழை கூட இல்லை என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

அக்டோபரில் மருத்துவரிடம் போனார். சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். முடிவு எங்கள் கையில்தான் கிடைத்தது. புற்றுநோய். வீட்டாரோ, "அவருக்குத் தெரிய வேண்டாம், மனம் உடைஞ்சு போவார்" என்றார்கள். நாங்களும் அதுதான் அன்பு என்று நம்பினோம். "சாதாரணப் புண்தான், திருவனந்தபுரத்தில் நல்ல டாக்டர் இருக்கார், கொஞ்சம் கரண்டு வச்சா ஆறிரும்" என்று சொல்லிப் பேருந்தில் ஏற்றினோம். நாகர்கோவில் தாண்டும் வரை ஊர்க்கதை பேசிக்கொண்டே போனோம். மருத்துவமனை வாசலில் பெரிய பலகை. அதன் கீழ் நின்று எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "இருபத்திரண்டு வருசமா நீங்க கொண்டுவந்ததை எல்லாம் வாசிச்சுத் திருத்துனவன் நான். இந்தப் பலகையை வாசிக்க மாட்டனாலே?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நாங்கள்தான் தலைகுனிந்தோம். அதன்பின் அவர் கண்மூடும் வரை அவரிடம் நாங்கள் ஒரு பொய்யும் சொன்னதில்லை.

உண்மை வெளிப்பட்டதும் பாரம் குறைந்தது எங்களுக்குத்தான். அவர் செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்யத் தொடங்கினார். அறுவை சிகிச்சைக்கு முந்திய ஞாயிறு, தாமே நடந்து வந்து, நம் கோயிலில் திருப்பலியின்போது நோயில் பூசுதல் பெற்றார். அன்று பலர் திடுக்கிட்டார்கள். 'அவஸ்தைப் பூசுதல்' என்று சொல்லிச் சொல்லியே, அது சாகப்போகிறவருக்கு மட்டும் உரியது என்று நாம் பழகிவிட்டோமல்லவா? திருத்தந்தை ஆறாம் பவுல் 1972-ஆம் ஆண்டிலேயே இவ்வருட்சாதனத்தின் சடங்கைப் புதுப்பித்தார். கடும் நோயுற்ற எவரும் நல்ல நினைவோடு இருக்கையிலேயே பெறலாம் என்பதை நண்பரே பக்கத்து வீட்டாருக்கு எடுத்துச் சொன்னார். இதற்கும் கடைசி நிமிடம் வரை காத்திருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

சிகிச்சைக்குப்பின் பேச்சு குழறியது. சொல்ல வேண்டியதைப் பழைய புரூப் தாள்களின் பின்புறம் எழுதிக் காட்டுவார். ஒருநாள் பேரேட்டையும் கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தையும் எடுத்துவரச் சொன்னார். 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிராவிட்டால், பங்காளிகளில் ஒருவர் இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். எங்கள் பத்திரத்தில் அது பற்றி ஒரு வரியும் இல்லை. இருபத்தாறு, இருபத்தேழு வயதில் பத்திரம் எழுதியவர்களுக்குச் சாவு எங்கே நினைவுக்கு வரப்போகிறது! "நீ கவலைப்படாதே, குடும்பத்தை நாங்க பாத்துக்குவோம்" என்றோம். அவர் தாளை இழுத்து எழுதினார்: "தருமமாத் தராதீங்க. கணக்காத் தாங்க." அத்தாள் இன்றும் எங்களிடம் இருக்கிறது.

2001-ஆம் ஆண்டு மே மாதம் நோய் கழுத்தில் திரும்பவும் தலைகாட்டியது. ஆகஸ்டில் பனிமய மாதா திருவிழா முடிந்த மறுவாரம், அதிகாலையில், மனைவி மக்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கையில் அவருடைய உயிர் பிரிந்தது. இறைவனின் திருவுளம் அதுவானால் நாம் என்ன சொல்ல முடியும்? இரவு முழுதும் அச்சகத்தில் வேலை செய்த பிள்ளைகள்தாம் அவருடைய இறப்பு அறிவிப்பை அச்சிட்டார்கள். அதைப் பிழை பார்க்க எங்களுக்குக் கண் தெரியவில்லை.

பங்குமக்களே, இனி நாங்கள் சொல்லப்போவது எங்களுக்குப் பெருமை தருவதன்று. என்றாலும் இந்த மேடையில் சொல்லிவிட வேண்டும் என்று இருவரும் முடிவு செய்தோம்.

நாற்பது நாள் மன்றாட்டு முடிந்ததும் கணக்குப் பார்க்க உட்கார்ந்தோம். 1993-இல் கடன்பட்டு வாங்கிய ஆப்செட் எந்திரம் இருந்தது. ஏட்டில் தேய்மானம் போக அதன் மதிப்பு மிகக் குறைவு. சந்தையில் விற்றால் அதைப்போல் மூன்று பங்கு கிடைக்கும். ஏட்டு மதிப்பைக் காட்டினால் நண்பர் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய தொகை பாதியாகிவிடும். மருத்துவச் செலவுக்கு அச்சகம் கொடுத்ததையும் கழித்தால் இன்னும் குறையும். "கடனும் இருக்கிறது, தொழிலும் மந்தம், நாம் என்ன கொள்ளையா அடிக்கிறோம்?" என்று எங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டோம். உண்மையைச் சொன்னால், ஒரு மாதம் அந்த எண்ணத்திலேயே இருந்தோம்.

அப்போது ஒருநாள் மைனி அச்சகத்துக்கு வந்தார்கள். "அண்ணாச்சி, அவங்க பெட்டியிலே இது இருந்துச்சு. உங்ககிட்ட குடுக்கணும்னு மேலே எழுதியிருந்தாங்க" என்று ஒரு பழைய நோட்டை மேசைமேல் வைத்தார்கள். பிரித்துப் பார்த்தோம். பல ஆண்டுகளாக அவர் அவசரத்துக்கு எடுத்த சிறுசிறு தொகைகள். மகளின் பள்ளிக் கட்டணம், தாயாரின் மருந்து, மழையில் இடிந்த சுவர். எங்கள் பேரேட்டில் ஏறாத தொகைகளும் அதில் தேதிவாரியாக இருந்தன. கடைசிப் பக்கத்தில் கூட்டுத் தொகை போட்டு, "என் பங்கில் கழிக்கவும்" என்று எழுதியிருந்தார். தமக்கு எதிராகத் தாமே எழுதிய கணக்கு! மைனி அதை மறைத்திருந்தால் எங்களுக்குத் தெரியவே தெரியாது. அவர்கள் போனபின் நாங்கள் வெகுநேரம் பேசவில்லை.

மறுநாளே வெளியாள் ஒருவரை வைத்து எந்திரத்துக்குச் சந்தை மதிப்புப் போட்டோம். மருத்துவச் செலவை மூவர் பெயரிலும் சமமாக எழுதினோம். நோட்டில் இருந்ததை அவர் விருப்பப்படியே கழித்தோம். கழிக்காமல் விட்டிருந்தால் அது தருமமாகியிருக்கும். மொத்தத்தையும் ஒரே தடவையில் கொடுக்க எங்களுக்கு வசதியில்லை. பங்கைத் தீர்க்காமல் மற்றவர்கள் தொழிலைத் தொடர்ந்து நடத்தினால், இறந்தவரின் வாரிசுகள் இலாபத்தில் உரிய பங்கையோ, ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டியையோ கேட்டுப் பெறலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. மைனி வட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். முப்பத்தாறு மாதங்களில் கொடுத்து முடித்தோம். அந்தப் பணத்தில் மகள் ஆசிரியப் பயிற்சி முடித்தாள். மகன் படித்து முடித்து, 2010-இல் தன் பணத்தைப் போட்டு எங்களோடு பங்காளியாகச் சேர்ந்தான். புதுப் பத்திரத்தில் மரணத்துக்கும் ஒரு விதி எழுதச் சொன்னது அவனே.

தொழில் செய்யும் சகோதரர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது: உடல் நலமாய் இருக்கும்போதே பத்திரத்தைச் சரியாக எழுதுங்கள். வீட்டிலுள்ள பெண்களுக்குக் கணக்கைச் சொல்லி வையுங்கள்.

வெற்றிலை புகையிலை போடும் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. வெற்றிலை பாக்கு மெல்லுவோருக்கு வரும் வாய்ப்புற்று பற்றி, நெய்யூரில் பணியாற்றிய மருத்துவர் ஓர் என்பவர் 1933-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வு அமைப்பு 2004-இல் அறிவித்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் வீடுவீடாகப் போய் வாயைத் திறந்து பார்த்துச் சோதித்தார்கள். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்றால் வரும் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-இல் வெளியான அவ்வாய்வு கூறுகிறது. கண்ணால் பார்த்ததற்கே அவ்வளவு பலன்! ஆகவே வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படலம் இருந்தாலும், இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண் இருந்தாலும், வாய் திறப்பது குறைந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். 'விழா முடியட்டும்' என்று சொல்லாதீர்கள். சொல்கிறவர்கள் பேச்சையும் கேட்காதீர்கள். ஜூலையிலேயே போயிருந்தால் நண்பர் பிழைத்திருப்பாரா என்பது இறைவனுக்கே வெளிச்சம். ஆனால் போகவேண்டாம் என்று தடுத்தவர்கள் நாங்கள்.

இவ்வாண்டு 2025. நம் பங்குக்குப் பொன்விழா. திருச்சபைக்கும் யூபிலி ஆண்டு. லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். ஐம்பதாம் ஆண்டில் நிலம் உரியவரிடம் திரும்ப வேண்டும், அடிமைப்பட்டவர் வீடு திரும்ப வேண்டும். விற்கும்போதும் வாங்கும்போதும் ஒருவரையொருவர் ஏமாற்றாமல், எஞ்சிய விளைச்சல் ஆண்டுகளை எண்ணி விலை பேச வேண்டும். யூபிலி என்பது கொடியும் தோரணமும் மட்டுமன்று. கணக்கை நேராக்கும் காலம் என்பதை எங்களுக்குக் கற்பித்தவர் எங்கள் நண்பர்.

இப்பொன்விழா மலரும் எங்கள் அச்சகத்திலேயே உருவாகிறது. பிழை திருத்துகிறவன் அவர் மகன். பிழை ஏதும் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்; எங்களிடம் சொல்லவும் செய்யுங்கள். கூட்டம் முடிந்து போகும்போது கல்லறைத் தோட்டத்தில் அவருக்காக ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம்.

அன்னாரின் ஆன்மா இறைவனில் இளைப்பாறுவதாக.