மதிப்பெண் பட்டியல் முடிவுரை அன்று

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் கழகத்தின் இருபத்தைந்து ஆண்டுப் பணியைப் பாராட்டிப் பேச அறிஞர் பலர் இம்மேடையில் அமர்ந்திருக்கின்றனர். எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள் வேறு. பட்டப்படிப்பில் குறைந்த மதிப்பெண் பெற்ற நம் இளைஞர், போட்டி மிகுந்த மேலாண்மைக் கல்வி நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கலாமா, விண்ணப்பிப்பதாயின் எவ்வாறு விண்ணப்பிக்க வேண்டும் என்பதே அப்பொருள்.

சில நாட்களுக்கு முன் நம் வட்டாரத்து இளைஞர் ஒருவர் என்னைக் காண வந்தார். பொறியியல் பட்டதாரி. "ஐயா, நான் பெற்றது ஐம்பத்திரண்டு விழுக்காடுதான். ஐ.ஐ.எம். எல்லாம் நமக்கு எங்கே கிடைக்கப் போகிறது?" என்றார். "விண்ணப்பித்தாயா தம்பி?" என்று கேட்டேன். "இல்லை ஐயா" என்றார். அந்த இளைஞரை எந்த நிறுவனமும் நிராகரிக்கவில்லை. எந்தத் தேர்வுக் குழுவும் அவர் பெயரை அடிக்கவில்லை. அவரைத் தள்ளியவர் அவரே. இஃது ஒருவர் கதையன்று. நம் தெருக்கள் பலவற்றில் நடப்பது. பிறர் நமக்கு அடைத்த கதவுகள் போதாவென்று, திறந்திருக்கும் கதவையும் நாமே சாத்திக்கொண்டு திரும்புகிறோம்.

ஒரு வரலாற்றுச் செய்தியை நினைவூட்ட விரும்புகிறேன். 1907ஆம் ஆண்டு பம்பாயில் மெட்ரிகுலேஷன் தேர்வெழுதிய மாணவர் ஒருவர், 750க்கு 282 மதிப்பெண் பெற்றுத் தேறினார். நூற்றுக்கு முப்பத்தெட்டுக்கும் சற்றுக் குறைவு. பரேல் பகுதியில், ஒரே அறையில் குடும்பம் முழுவதும் வாழ்ந்த வீட்டில் இருந்து படித்தவர் அவர். அந்த மாணவரே பின்னர் 1913இல் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்று, 1915இல் முதுகலைப் பட்டமும், 1923இல் இலண்டன் பொருளியற் பள்ளியில் டி.எஸ்ஸி. பட்டமும், 1927இல் கொலம்பியாவின் டாக்டர் பட்டமும் பெற்ற அண்ணல் அம்பேத்கர் ஆவார். குறைந்த மதிப்பெண் பெருமைக்குரியது என்பதற்காக இதைக் கூறவில்லை. அந்த எண்ணிக்கையைத் தம் அறிவின் எல்லையாக அவர் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதற்காகவே கூறுகிறேன்.

இனி, விதிகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். அச்சத்தைப் போக்கும் முதல் மருந்து விதியைத் தெரிந்துகொள்வதே.

இந்திய மேலாண்மைக் கழகங்கள் எனப்படும் ஐ.ஐ.எம். நிறுவனங்களுள் கல்கத்தாவும் அகமதாபாத்தும் 1961இலும், பெங்களூர் 1973இலும் தோன்றின. நம் திருச்சிராப்பள்ளியில் 2011இல் ஒன்று நிறுவப்பட்டது. இன்று இருபதுக்கும் மேற்பட்டவை உள்ளன. இவற்றில் சேர்வதற்கான 'கேட்' என்னும் பொதுத்தேர்வை எழுத, பொதுப் பிரிவினர் பட்டப்படிப்பில் 50 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் 45 விழுக்காடு போதும். இறுதியாண்டு மாணவரும் எழுதலாம். விண்ணப்பக் கட்டணத்திலும் ஏறத்தாழப் பாதியே நமக்கு. ஆகவே, என்னிடம் வந்த இளைஞர் தகுதிக் கோட்டிற்கு ஏழு விழுக்காடு மேலே நின்றுகொண்டே, தாம் கீழே நிற்பதாக எண்ணிக் கொண்டிருந்தார்!

பட்டியல் இனத்தவர்க்கு 15 விழுக்காடும், பழங்குடியினர்க்கு 7.5 விழுக்காடும் இந்நிறுவனங்களில் இட ஒதுக்கீடு உண்டு. நேர்முகத்திற்கு அழைப்பதற்கான எல்லை மதிப்பெண்ணும் பிரிவுதோறும் தனித்தனியே வகுக்கப்படுகிறது. இதைப் பெறுவதற்கு எவரும் நாணவேண்டியதில்லை. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்ததை அடுத்து, 1951இல் அரசமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு 15(4) என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. கல்வியில் நமக்குள்ள உரிமைக்கு இம்மண்ணின் போராட்டமும் ஒரு காரணம் என்பதை மறவாதீர்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சாதிச் சான்றிதழை மைய அரசு கேட்கும் படிவத்தில் முன்கூட்டியே பெற்று வைத்திருங்கள். பதிவுக் காலம் முடிந்தபின் பிரிவை மாற்ற இயலாது. கிறித்தவராக மாறிய நம் உறவினரை 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் இனத்தவராக ஏற்பதில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோராகவே கருதப்படுகின்றனர். அவ்வாறாயின் 45 விழுக்காட்டுச் சலுகை அவர்களுக்கு இல்லை. இந்நிலை மாற வேண்டும் என்பது வேறு, அதற்காகப் போராடுவோம். ஆனால் படிவத்தில் உண்மை நிலையையே எழுதுங்கள்.

அடுத்து, தேர்வைப் பற்றி. 2020 முதல் இது இரண்டு மணி நேரத் தேர்வு. ஆங்கில வாசிப்பும் மொழித்திறனும், தரவு விளக்கமும் தருக்கமும், கணிதம் ஆகிய மூன்று பகுதிகளுக்கும் நாற்பது நாற்பது நிமிடங்கள். சரியான விடைக்கு மூன்று மதிப்பெண். தேர்ந்தெடுக்கும் வினாவில் தவறினால் ஒன்று கழியும். முடிவு 'பெர்சென்டைல்' கணக்கில் வெளியாகும். 90 பெர்சென்டைல் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் என்று பொருளன்று. தேர்வெழுதிய நூறு பேரில் தொண்ணூறு பேரை முந்தியிருக்கிறீர்கள் என்றே பொருள். எல்லா வினாக்களுக்கும் விடையளிக்க முயன்று கழிவு மதிப்பெண்ணில் வீழ்ந்தோர் பலர். தெரிந்ததைச் செய்து, தெரியாததை விடுவதும் ஒரு பயிற்சியே.

இத்தேர்வு உங்களுக்கு ஏன் முக்கியமானது? முடிந்துபோன பட்டப்படிப்பு மதிப்பெண்ணில் ஒன்றைக்கூட இனி மாற்ற முடியாது. இந்த மதிப்பெண்ணோ இன்னும் எழுதப்படவில்லை. குறைந்த பட்டியலுக்கு எதிரே வைக்கத்தக்க வலுவான சான்று இதுவே.

ஆயினும், உண்மையை மறைத்து உங்களுக்கு ஊக்கமூட்ட நான் விரும்பவில்லை. பழைய மதிப்பெண் பல இடங்களில் கணக்கில் வரும். சில நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து எடை போடுகின்றன. சில, தேர்வு மதிப்பெண்ணுக்கே மிகுந்த எடை தருகின்றன. பணி அனுபவத்திற்கு எடை தருவனவும் உள. ஒவ்வொரு நிறுவனமும் தன் சேர்க்கை முறையை ஆண்டுதோறும் இணையதளத்தில் வெளியிடுகிறது. அதைப் படித்து, உங்கள் வலிமை எங்கே மதிக்கப்படுகிறதோ அங்கே விண்ணப்பியுங்கள். பெயரை மட்டும் பார்த்து நான்கு இடங்களுக்கு விண்ணப்பித்துத் தோற்பவரைவிட, விதியைப் படித்து எட்டு இடங்களைத் தேர்ந்தெடுப்பவரே வெற்றிக்கு அருகில் நிற்கிறார். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் 'டான்செட்' தேர்வின் வழியே தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் சேரும் வாய்ப்பையும் விட்டுவிடாதீர்கள். அங்கே 18 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதனுள் 2009 முதல் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு.

நேர்முகத்தில், "மதிப்பெண் ஏன் குறைந்தது?" என்ற கேள்வி வரும் என்றே கொள்ளுங்கள். கேட்பவர் அறிய விரும்புவன இரண்டு: இக்கடினமான படிப்பை இவரால் தாங்க முடியுமா? தமக்கு நேர்ந்ததை இவர் உணர்ந்திருக்கிறாரா? "ஆசிரியர் சரியில்லை, வினாத்தாள் கடினம்" என்னும் விடை இரண்டிற்கும் பதிலாகாது. தலைகுனிந்து மன்னிப்புக் கேட்பதும் பதிலாகாது.

அந்த இளைஞரும் நானும் ஓர் மாலை முழுவதும் அமர்ந்து பயின்ற விடை இது: "பள்ளியில் தமிழ்வழியில் பயின்றேன். கல்லூரியில் முதலாண்டு ஆங்கிலப் பாடநூல்கள் விளங்கவில்லை. மூன்று தாள்களில் தவறினேன். பிறரிடம் உதவி கேட்க வெட்கப்பட்டது என் பிழை. இரண்டாம் ஆண்டில் நண்பர்களுடன் சேர்ந்து படித்து அம்மூன்றையும் முடித்தேன். கடைசி நான்கு பருவங்களில் எதிலும் தவறவில்லை. இப்போது ஒரு கிடங்கில் பன்னிரண்டு பேரின் வேலையை மேற்பார்வையிடுகிறேன்." இதில் காரணம் இருக்கிறது, பிழையை ஏற்றல் இருக்கிறது, திருந்தியதற்குச் சான்று இருக்கிறது. இரக்கம் கேட்டல் மட்டும் இல்லை. சாதியின் பேரால் துன்புற்றவர் அதைச் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். சொல்வதாயின் நடந்ததை நடந்தபடி, சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சான்றுகளை இன்றிலிருந்தே சேர்க்கத் தொடங்குங்கள். ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் 'என்.பி.டி.இ.எல்.' பாடங்களை இலவசமாகப் பயிலலாம். சிறு கட்டணம் செலுத்தித் தேர்வெழுதிச் சான்றிதழ் பெறலாம். கணக்கில் மதிப்பெண் குறைந்தவர் புள்ளியியலில் ஒரு சான்றிதழ் பெற்றால் அது பேசும். நம் இரவுப் பாடசாலையில் கணக்கெழுதியதும், மகளிர் குழுவின் கடனை வசூலித்ததும் மேலாண்மை அனுபவமே. எத்தனை பேர், எவ்வளவு தொகை, என்ன மாற்றம் என்று எண்களோடு எழுதுங்கள்.

45 விழுக்காட்டிற்கும் கீழே உள்ளவர் என்ன செய்வது? அந்தப் பட்டத்தைக் கொண்டு கேட் தேர்வுக்கு விண்ணப்பிக்க இயலாது, 44.8ஐத் தாமே 45 ஆக்கிக்கொள்ளவும் கூடாது. மதிப்பெண்ணை உயர்த்த மறுதேர்வு எழுத உங்கள் பல்கலைக்கழகம் இடமளிக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையெனில், பணியில் இருந்துகொண்டே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மற்றொரு பட்டத்தை நல்ல மதிப்பெண்ணோடு முடிக்கலாம். மூன்றாண்டுகள் ஆகும். நாற்பதாண்டுப் பணி வாழ்வில் மூன்றாண்டு பெரிதன்று.

பெற்றோர்களே, கட்டணத்தைக் கேட்டு அஞ்சாதீர்கள். பெரிய ஐ.ஐ.எம்.களில் பல இலட்சம் ரூபாய் கட்டணம் என்பது உண்மையே. ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் 8 இலட்சத்திற்கு மேற்படாத பட்டியல் இன மாணவர்க்கு மைய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகைத் திட்டம் உண்டு. அதன் இடங்கள் வரையறைக்கு உட்பட்டவை ஆதலால் சேர்ந்தவுடன் விண்ணப்பிக்க வேண்டும். 2024இல் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், சிறந்த நிறுவனங்களில் சேர்வோர்க்கு ஈடும் பிணையும் இன்றி வங்கிக் கடன் கிடைக்கிறது. வயலையோ வீட்டையோ அடகு வைக்கும் முன் இவற்றை விசாரியுங்கள்.

நம் கழகத்திற்கு ஒரு வேண்டுகோள். இவ்வெள்ளி விழா ஆண்டில், பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் ஒவ்வொருவரின் மதிப்பெண் பட்டியலையும் வாங்கிப் பார்த்து, யார் எதற்குத் தகுதியுடையவர் என்று சொல்லும் சிறு குழு ஒன்றை அமைக்க வேண்டுகிறேன். நேர்முகப் பயிற்சிக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நான் தருகிறேன்.

என்னிடம் வந்த அந்த இளைஞர் இவ்வாண்டு விண்ணப்பிக்க இசைந்திருக்கிறார். இடம் கிடைக்குமா என்று நான் உறுதி கூற இயலாது. ஆனால் இம்முறை முடிவு சொல்லப்போவது தேர்வுக் குழுவே. அவருடைய அச்சம் அன்று. அந்த அளவுக்கேனும் நாம் அனைவரும் முன்னேறுவோம்.

ஜெய் பீம்!