பல்லைச் சுத்தம் செய்யும் கை யாருடையது?

(தேனி மாவட்டத்தில் குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



கம்பம் பள்ளத்தாக்கில் பணிபுரியும் நம்மிடம் பெற்றோர் பாடத்தைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. "டீச்சர், பிள்ளைக்குப் பல்லெல்லாம் காறை பிடிச்சுக் கிடக்கு. எங்கிட்டுப் போய்க் காட்டலாம்?" என்றும் கேட்கிறார்கள். திராட்சைத் தோட்டத்திலோ, விடியுமுன் ஜீப் ஏறிப் போகும் ஏலத்தோட்டத்திலோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருபவர்கள் அவர்கள். நாம் கைகாட்டும் இடத்துக்கே போவார்கள். ஆகவே அந்தப் பதிலை நாம் தெரிந்து சொல்ல வேண்டும்.

பல்லின்மேல் படியும் மெல்லிய படலத்தைத் தினமும் துலக்கி எடுத்துவிடலாம். விட்டுவிட்டால் அது கல்போல இறுகிவிடும். பிறகு எந்தப் பிரஷ்ஷுக்கும் அது அசையாது. கருவி கொண்டுதான் எடுக்க வேண்டும். சந்தையில் யாரோ ஒருவர் அமிலம் தடவி ஐந்து நிமிடத்தில் வெள்ளையாக்கிக் காட்டுவார். போவது கறை மட்டுமல்ல, எனாமலும்தான். போன எனாமல் மீண்டும் வளராது.

இந்த வேலையை யார் செய்யலாம்? 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம் மூன்று பேரைப் பிரித்துக் காட்டியது. ஒருவர் பல் மருத்துவர். இரண்டாமவர் டென்டல் ஹைஜீனிஸ்ட். பல்லைச் சுத்தம் செய்து மெருகேற்றுவதும், வாய்ச் சுகாதாரம் பற்றிச் சொல்லித் தருவதும் இவர் பணி. மூன்றாமவர் டென்டல் மெக்கானிக். பல்செட் செய்பவர், பழுது பார்ப்பவர். ஹைஜீனிஸ்ட் படிப்பு இரண்டு ஆண்டு. படித்து முடித்தால் மட்டும் போதாது, மாநிலப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். 2023இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறிய பின்னும் பதிவு என்ற அடிப்படை மாறவில்லை. ஹைஜீனிஸ்ட் பல் மருத்துவரின் மேற்பார்வையில்தான் பணியாற்ற வேண்டும். பல் பிடுங்குவதோ, மருந்து எழுதுவதோ அவர் வேலை அல்ல. வெள்ளைக் கோட்டு அணிந்த உதவியாளர் எல்லாரும் ஹைஜீனிஸ்ட் அல்லர்.

பெற்றோருக்கு மூன்று கேள்விகளைச் சொல்லிக் கொடுப்போம்.

ஒன்று: "சுத்தம் செய்யப் போவது யாருங்க? தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்குங்களா?" முறையாகப் பதிவு செய்தவர் இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார்.

இரண்டு: "பல் டாக்டர் முதலில் பார்த்துவிட்டாரா?" பார்க்கிறவர் நோயாளியின் சர்க்கரை, இதய நோய், இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றை விசாரிக்க வேண்டும். எதையும் கேட்காமல் நாற்காலியில் உட்கார வைத்தால் யோசிக்க வேண்டியதுதான்.

மூன்று: "கருவிகளை எப்படிச் சுத்திகரிக்கிறீர்கள்?" வெந்நீரில் கழுவுவது போதாது. உயர் அழுத்த நீராவியில் வைக்கும் ஆட்டோகிளேவ் வேண்டும். நமக்கு முன்னால் உறையைப் பிரித்துக் கருவியை எடுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் கையுறையை மாற்ற வேண்டும்.

இந்த மூன்றாம் கேள்வியைச் சிறிதாக நினைக்காதீர்கள். வாணியம்பாடியில் ஒரு பல் சிகிச்சை மையத்துக்குப் போனவர்களில் எட்டுப் பேர் மூளையைத் தாக்கிய ஒரு பாக்டீரியா தொற்றால் 2023இல் இறந்ததாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் அந்தக் கிருமி, திறந்து பயன்படுத்திய சலைன் பாட்டிலில் இருந்தது. சுத்திகரிக்காத கருவியால் பாட்டிலைத் திறந்து, மீதத்தை மறுபடியும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பட்டம் முக்கியம், சுத்தமும் அதே அளவு முக்கியம்.

"சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும்" என்று பெற்றோர் தயங்குவார்கள். ஈறு நோயால் ஏற்கெனவே தளர்ந்த பல்லைக் கல்தான் பிடித்து வைத்திருக்கும். கல் போனதும் ஆட்டமும் இடைவெளியும் தெரிகின்றன. கல் அங்கேயே இருந்தால் ஈறும் எலும்பும் மேலும் கரையும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்து வரும் பழுப்புக் கறை பல்லுக்குள்ளேயே இருப்பது. சுத்தம் செய்தால் அது போகாது. அதைப் போக்குவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் ஏமாற வேண்டாம்.

செலவுக்கு அஞ்சுகிறவர்களை முதலில் அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பெரியகுளம், போடி, கம்பம் ஊர்களிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. பல் மருத்துவர் எந்த நாளில், எந்த நேரத்தில் இருப்பார் என்று நாமே முன்கூட்டி விசாரித்துச் சொன்னால் ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் கூலி மிச்சம். பள்ளிக்கு வரும் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு, பிள்ளைகளின் பல்லையும் பார்க்கக் கடமைப்பட்டது. 2013இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பல் சொத்தையும் சேர்ந்திருக்கிறது. குழு எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டு புத்தகப் பைக்குள் தொலைந்துபோகாமல் பெற்றோர் கையில் சேர்ப்பது நம் பொறுப்பு.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இந்த மூன்று கேள்விகளையும் கரும்பலகையில் எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். கேள்வி கேட்கப் பழகியவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.