ஓலை தேடிய ஜெர்மானியர்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

குற்றாலத்தில் நின்று பேசுகின்றவன் திரிகூடராசப்பக் கவிராயரை நினையாமல் பேசத் தொடங்குதல் இயலாது. மேலகரம் தந்த அப்பெருமகன் குறவஞ்சி பாடினார். மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அதற்குப் பரிசாக நிலம் வழங்கினார். அந்த நிலம் ‘குறவஞ்சி மேடு’ என்றே பெயர் பெற்றது. பாடியவர் காலத்திலேயே பாட்டுக்குப் பரிசு கிடைத்தது. அதே 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தரங்கம்பாடிக் கடற்கரையில் ஓர் அயல்நாட்டு இளைஞர் தமிழ் ஏடுகளைத் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுதிய நூலுக்கு அவருடைய மக்களிடத்திலேயே வரவேற்பு இல்லை. அவரைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

பார்த்தலோமேயு சீகன்பால்கு 1682இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள புல்ஸ்நிட்சு என்னும் சிற்றூரில் பிறந்தவர். இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய செம்மொழிகளைப் பயின்றவர். ஹாலே நகரில் ஃபிராங்கே என்னும் பேராசிரியரிடம் சிறிது காலம் கற்றார். டென்மார்க்கு அரசர் நான்காம் பிரடெரிக்கின் ஆணைப்படி, புளூட்சோ என்னும் தோழருடன் 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்து நான்கு.

சமயம் பரப்பவே அவர் வந்தார். அதை மறைக்க வேண்டுவதில்லை. தமிழரின் சமயத்தை வாதில் வெல்லும் பொருட்டே தமிழ் நூல்களைத் திறந்தார். ஆயினும் திறந்த நூல் அவரை எளிதில் விடவில்லை. இந்த நாட்டார் நாகரிகம் அறியாதவர் என்று எண்ணி வந்தவர், நூல்களைக் கற்றபின், ஐரோப்பியரின் அவ்வெண்ணம் தவறென்று தம் மக்களுக்கே எழுதினார். கற்ற கல்வி தம் முன்முடிவைத் திருத்த இடங்கொடுப்பவனே புலவன். அந்த வகையில் அவரைப் புலவர் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அவர் கற்ற முறையைக் கவிஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். எழுபது வயதை எட்டிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம், சிறுவர்களோடு சிறுவராய் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி அரிச்சுவடி பயின்றார். பின்னர்ப் புலவர் ஒருவரையும் எழுத்தர் ஒருவரையும் அருகில் வைத்துக்கொண்டு காலை முழுதும் நூல் கற்றார். அழகப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளர் பேச்சுத் தமிழுக்குத் துணை நின்றார். எந்த நடையில் தாம் பேசவும் எழுதவும் விரும்பினாரோ, அந்த நடையில் அமைந்த நூல்களையே தேர்ந்து நூறு முறை ஓதியதாக எழுதுகின்றார். மாலையில் விளக்கொளி கண்ணைக் கெடுக்குமே என்று, ஒருவரைப் படிக்கச் செய்து தாம் செவிமடுத்தார். கவிதையைக் கண்ணால் மேய்வது போதாது, காதால் நுகர வேண்டும் என்று இந்தக் குற்றாலத்தில் இருந்து நமக்குக் கற்பித்தவர் ரசிகமணி டி.கே.சி. அந்தக் கேள்விச் செல்வத்தின் அருமையை அந்த ஜெர்மானியரும் தம் வழியில் உணர்ந்திருந்தார்.

1708இல் தாம் திரட்டிய நூல்களுக்கு விளக்கப் பட்டியல் ஒன்று எழுதினார். அதில் 119 தமிழ் நூல்கள் இடம்பெறுகின்றன. ஒவ்வொன்றும் எதைப் பற்றியது, எத்தகையது என்று குறித்துள்ளார். உ.வே.சா. நெல்லைச் சீமையில் ஏடு தேடி நடப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் முற்பட்ட முயற்சி இது. அப்பட்டியல், வில் சுவீட்மன், இலக்குவன் ஆகியோரின் உழைப்பால் 2012இல் ஆய்வுப் பதிப்பாக வெளிவந்தது. அதே 1708இல் நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலக நீதி ஆகியவற்றை ஜெர்மானிய மொழியில் பெயர்த்தார். வெற்றிவேற்கை தந்த அதிவீரராம பாண்டியரின் தென்காசிக்கு இதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. நம் பிள்ளைகள் நுழையும் நீதிநூல் வாயிலின் வழியேதான் அந்த அயலவரும் தமிழுக்குள் நுழைந்தார்.

அந்த ஏடுகள் எங்கிருந்து கிடைத்தன? எழுத்தரைப் பல நாள் வழி உள்நாட்டுக்கு அனுப்பி, இறந்துபோன அந்தணர்களின் மனைவியரிடம் விலைக்கு வாங்கியதாக அவரே எழுதுகின்றார். கணவர் காத்த சுவடி, அவர் மறைந்தபின் காப்பார் இன்றி விலைக்குச் சென்றது. இதனைக் கேட்கும்போது அவரை வாழ்த்துவதா, நம்மை நோவதா? இரண்டும் வேண்டும் என்பேன்.

1708இன் இறுதியில் தரங்கம்பாடித் தளபதியோடு பகை மூண்டு, நான்கு மாதம் கோட்டைச் சிறையில் இருந்தார். 1712 முதல் 1714 வரை தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பி, அவர்கள் எழுதிய விடைகளை மொழிபெயர்த்து ஐரோப்பாவிற்கு விடுத்தார். 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றிப் பெருநூல் ஒன்றை எழுதி முடித்தார். ஹாலேயிலிருந்து வந்த மறுமொழி கடுமையானது. பிற சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர்கள், அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவது முறையன்று என்பது அதன் சாரம். அந்நூல் அவர் பெயரோடு சென்னையில் அச்சேறியது 1867இல்தான். நூற்று ஐம்பத்து நான்கு ஆண்டுக் காத்திருப்பு!

அச்சுக்கலைக்கும் அவர் செய்த தொண்டு பெரிது. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்தன. அவை பெரியனவாக இருந்தமையால் இங்கேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714இலும் 1715இலும் அச்சாயிற்று. இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் வெளிவந்தது. வீரமாமுனிவரைப் போல அவர் காப்பியம் பாடவில்லை. அவர் வழியினரின் தமிழ் நடையை அம்முனிவரே எள்ளினார். அதில் நியாயமும் உண்டு. சீகன்பால்குவின் சிறப்பு அவர் எழுதிய தமிழைவிட, அவர் தமிழைக் கேட்ட விதத்தில் இருக்கின்றது. 1719 பிப்ரவரி 23ஆம் நாள், முப்பத்தாறாம் வயதில் தரங்கம்பாடியிலேயே மறைந்தார்.

அன்பர்களே, அவருக்கு விழா எடுப்போர் அந்த மணல் பள்ளி ஆசிரியருக்கும், பொருள் விரித்த புலவருக்கும், ஏடு சுமந்த எழுத்தருக்கும் விழா எடுப்பதில்லை. அவர்கள் இன்றி அவர் இல்லை. நம் வட்டம் பதினோராம் ஆண்டில் அடி எடுத்து வைக்கின்றது. இந்த வேளையில் இரண்டு விண்ணப்பங்கள் வைக்கின்றேன். திங்கள்தோறும் ஒரு கூட்டத்திலேனும் பழம்பாடலை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்போம். நம் ஊர்ப் பரணைகளில் கிடக்கும் சுவடிகள் எவை என்று வீடு வீடாகக் கேட்டு, அவற்றைக் காத்தவர் பெயரோடு பட்டியல் எழுதுவோம். மூன்று நூற்றாண்டுக்கு முன் ஓர் அயலவர் செய்த பணி நம்மால் இயலாததன்று.