ஊராளும் யோக்கியதை



உள்ளாட்சியில் நல்ல தலைமை என்பது எது என்று ஓர் அறக்கட்டளையின் சார்பில் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். நேர்மை, தியாகம், தொண்டு, தூய்மை என்று குணங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவது சுலபம். ஆனால் அவ்வார்த்தைகள் கல்யாணப் பத்திரிகையின் மங்கள வாசகங்களைப் போல எவருடைய பெயருக்கு மேலும் அச்சிடத் தக்கவை. ஆகையால் குணங்களை விட்டுவிட்டுக் கல்லில் வெட்டப்பட்ட ஒரு காரியத்திலிருந்து தொடங்குகிறேன்.

கல்குளம் தாலுகாவைச் சேர்ந்த மணலிக்கரையில் கொல்லம் 410ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1235இல், வேணாட்டு அரசர் வீர ரவி கேரள வர்மரின் காலத்தில் பொறிக்கப்பட்ட சாசனம் ஒன்று உண்டு. 'மனோன்மணீயம்' இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை அவர்கள் அதை ஆராய்ந்து உலகறியச் செய்தார்கள். அரசரின் அதிகாரிகளும், கோதைநல்லூர்ச் சபையாரும், அவ்வூர் மக்களும், வரி தண்டும் உரிமை பெற்றவரும் ஒருங்கே கூடிச் செய்துகொண்ட அந்த ஏற்பாட்டின்படி, மழை பொய்த்து விளைவு கெட்ட காலத்தில், சபையாரும் ஊராரும் நிலங்களை நேரில் சென்று பார்த்து, எது விளைந்தது எது விளையவில்லை என்று கண்டறிய வேண்டும். விளையாத நிலத்துக்கு வழக்கமான கரத்தில் ஐந்தில் ஒரு பங்கே கொள்ள வேண்டும். எல்லா நிலமும் ஒன்றுபோலக் கெட்டுவிட்டால், அதிகாரிக்கு அறிவித்து, அவரும் வந்து பார்த்துத் திருப்தியடைந்த பின்னர் மொத்தக் கரத்துக்கும் அதே விகிதம்.

இதில் என் மனத்தைக் கவர்வது அரசருடைய தயாளம் அல்ல. வரி குறைத்த அரசர்கள் எத்தனையோ பேர் இருக்கக்கூடும். சபையார் என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் ஊராரையும் சேர்த்துச் சொன்ன அந்த ஜாக்கிரதைதான் என்னை வியக்கச் செய்கிறது. சபையார் தம் உறவினருடைய வயலைத் தரிசு என்று எழுதிவிடலாம். வரி தண்டுவோன் தரிசையும் விளைநிலம் என்று சாதிக்கலாம். ஆனால் பாதிக்கப்பட்டவனும் பாதிக்கப்படாதவனும் ஒரே வரப்பில் உடன் நடந்து வரும்பொழுது பொய் சொல்ல நாக்கு அவ்வளவு எளிதில் எழாது. தலைமைக்கு நான் கூறும் முதல் இலக்கணமும், ஒரு வகையில் கடைசி இலக்கணமும் இதுவே: பயன் பெறுவோரும் பெறாதோரும் பார்த்துக்கொண்டிருக்கத் தீர்மானம் செய்தல்.

இக்காலத்தில் அந்த வரப்புக்கு ஈடாக நமக்கு வாய்த்திருப்பது கிராம சபை. நாம் கூடியிருக்கும், தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லையான பனச்சமூட்டில் இரண்டு ராஜ்யங்களின் உள்ளாட்சி முறைகளையும் ஒருசேரப் பார்க்கலாம். கேரளத்தில் ஒவ்வொரு வார்டுக்கும் தனித்தனிக் கிராம சபை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். வாக்காளரில் பத்தில் ஒரு பங்கினர் வந்தாலன்றிக் கூட்டத்துக்குக் கோரம் இராது. தமிழ்நாட்டில் ஊராட்சி முழுவதற்கும் ஒரே சபை. குடியரசு நாள், மே நாள் முதலாகக் குறித்த நாட்களில் கூடும். 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் தேதி, மலையாளச் சிங்ங மாதப் பிறப்பன்று, கேரளத்தில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபொழுது, திட்டச் செலவில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளின் கையில் கொடுப்பதென்று கேரள அரசு முடிவு செய்தது. பணம் வந்ததனால் சபைக்கு ஆள் வந்தது. வீடு யாருக்கு, கிணறு யாருக்கு என்ற பட்டியலை மெம்பர் உரக்க வாசித்து, ஆட்சேபம் கேட்க வேண்டியதாயிற்று. பட்டியல் முன்னமே கட்சி அலுவலகத்தில் எழுதப்பட்டுவிடுகிறது என்று முணுமுணுப்போர் உண்டு. பல இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் எழுதியவன் அதை ஊர் நடுவே வாசித்துத்தான் தீரவேண்டும் என்பதே பெரிய கட்டுப்பாடு.

எல்லைக்கு மேற்கே 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் ஒழுங்காக நடந்து வந்திருக்கிறது. கிழக்கே பெரும்பாலான மாவட்டங்களில், 2016இல் நடந்திருக்க வேண்டிய ஊரகத் தேர்தல் வழக்குகளிலும் வாதங்களிலும் சிக்கி 2019 டிசம்பரில்தான் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் முடிந்ததும் 2025 ஜனவரியில் மறுபடியும் அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அவர்களில் திறமைசாலிகளும் நல்லவர்களும் நிச்சயம் உண்டு. ஆனால் கோபங்கொண்ட குடிமகன் ஒருவன் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர்களிடம் சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல வழியில்லாத இடத்தில் நிர்வாகம் நடக்கும்; தலைமை இராது.

இனி, இந்த மண்ணுக்கே உரிய ஒரு சங்கடத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்துக்கும் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்துக்கும் என்று கோடு கிழிக்கப்பட்டபொழுது, தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு இணைக்க மார்ஷல் நேசமணி அவர்களும் அவருடைய தோழர்களும் நடத்திய போராட்டத்தின் பலனை ஒரு சாரார் கொண்டாடினார்கள்; கோட்டுக்கு அப்பால் நின்றுவிட்ட தமிழர்கள் மௌனமாயிருந்தார்கள். நியாயம் யார் பக்கம் என்ற விசாரணையை இன்று நான் எடுக்கவில்லை. கோடு விழுந்த பிறகும் இவ்வூர்ச் சந்தை ஒன்றாகவே இருந்தது; மரச்சீனியும் ரப்பரும் கோட்டைக் கேட்டு விளைவதில்லை; சாக்கடையும் கோட்டைக் கேட்டு ஓடுவதில்லை. குப்பை எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதை 2024 டிசம்பரில் கேரளத்திலிருந்து கொண்டுவந்து திருநெல்வேலிப் பக்கம் கொட்டப்பட்ட மருத்துவக் கழிவு காட்டிற்று. பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, லாரிகளில் அதைத் திரும்ப ஏற்றிச் செல்லும்படி ஆயிற்று. கேரளத்திலிருந்து வரும் நெய்யாற்று இடதுகரைக் கால்வாய் நீர் விளவங்கோட்டு வயல்களுக்கு 2004இல் நின்றது. அவ்விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அந்த மடையைத் திறக்க எந்தப் பஞ்சாயத்துத் தலைவருக்கும் அதிகாரம் கிடையாது. ஆனால் தம் அதிகாரத்துக்குள் இருக்கும் சந்தைக் கழிவையும் ஓடையையும் பற்றிப் பேசக் கோட்டுக்கு அப்பாலுள்ள அடுத்த பஞ்சாயத்துத் தலைவரைத் தேடி நடந்து போக எந்த அதிகாரமும் தேவையில்லை. இதற்குக் கௌரவம் தடையாயிருப்பதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன். அவன் ஏன் முதலில் வரக்கூடாது என்பதே அவர்களுடைய கேள்வி.

தமிழ்நாடு அரசு 2022இல் நவம்பர் 1ஆம் தேதியை உள்ளாட்சி நாளாக்கி, அன்று கிராம சபை கூட்டச் செய்தது. கேரளத்தில் அதுவே மாநிலம் பிறந்த நாள். அன்று கிழக்கே கூடும் சபைக்கு மேற்கிலுள்ள வார்டு மெம்பர்களையும் சந்தை வியாபாரிகளையும் அழைத்து முன்வரிசையில் உட்காரவைக்கலாம். அவர்களுக்கு அங்கே வாக்கு இல்லை, வாய் உண்டு. முதல் விஷயமாகச் சந்தைக் கழிவை எடுத்துக்கொண்டு, பேசுவதற்கு முன்னால் இரு பக்கத்தாரும் ஒருமுறை அந்த ஓடை வழியே நடந்துவிட்டு வரலாம்.