தோற்றாலும் நம்ம அணி



ஒரு மனிதன் ஒரு கால்பந்து அணியை ஆயுள் முழுக்கத் தன் அணி என்று எப்படி ஏற்றுக்கொள்கிறான்? இதைப் பற்றி இந்த வாசகர் வட்டத்தில் பேசச் சொன்னார்கள். நான் உங்களைக் கொல்கத்தாவுக்கு அழைத்துப் போகிறேன். வேலை நிமித்தம் அந்த ஊரில் சில காலம் குடியிருந்தவன் நான். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால்கூட, பேச்சு சுற்றிச் சுற்றி ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கும். நீ மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?

இந்தக் கேள்விக்கு அந்த ஊர்க்காரர் எவரும் யோசித்துப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. எந்த அணி அதிகம் ஜெயித்தது, எதில் நல்ல ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள் என்றெல்லாம் நிறுத்துப் பார்த்து அவர்கள் சேர்வதில்லை. பிள்ளை பிறக்கும்போதே வீட்டில் பதில் தயாராக இருக்கிறது.

அந்தப் பதில் எங்கிருந்து வந்தது? மோகன் பகான் 1889-இல் வடக்குக் கல்கத்தாவில் பிறந்த சங்கம். அதற்கு ஊரே திரண்டது 1911 ஜூலை 29 அன்று. ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கோப்பையின் இறுதி ஆட்டம். எதிரே ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட், பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரப் பட்டாளம். இந்தப் பக்கம் பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால்! பின்னால் நின்ற ஜனத்துக்கு ஆட்டமே தெரியவில்லை. பட்டம் பறக்கவிட்டுத்தான் யார் எத்தனை கோல் என்று சொன்னார்களாம். முதல் கோலைப் பட்டாளம் போட்டது. பிறகு கேப்டன் சிவதாஸ் பாதுரி ஒன்று போட்டார். கடைசி நேரத்தில் அபிலாஷ் கோஷ் இன்னொன்று போட்டார். இரண்டுக்கு ஒன்று. ஆளுகிறவனை நேருக்கு நேர் நின்று ஜெயிக்க முடியும் என்று கண்ணால் கண்டுவிட்டு வீடு திரும்பினார்களே அந்த ஜனங்கள், அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அன்றைக்கே மோகன் பகானின் பச்சைக்கும் அரக்குக்கும் சொந்தமாகிவிட்டார்கள்.

ஈஸ்ட் பெங்கால் பிறந்தது வேறு மாதிரி. அது ஒரு மனக்கசப்பில் பிறந்தது. 1920 ஜூலை மாதம், மோகன் பகானுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் ஜோராபகான் சங்கம் சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரை உட்கார வைத்தது. கிழக்கத்திக்காரர் என்பதால்தான் ஒதுக்கினார்கள் என்று கிழக்கு வங்காளத்தார் மனம் கொதித்தது. ஜோராபகானின் துணைத்தலைவராக இருந்த சுரேஷ் சந்திர சௌத்ரி அங்கிருந்து வெளியேறினார். சில நாட்களுக்குள், ஆகஸ்ட் 1 அன்று, புதுச் சங்கம் எழுந்தது. 1925-இல் இரண்டு அணிகளும் லீக் ஆட்டத்தில் முதன்முதலாக மோதியபோது ஈஸ்ட் பெங்கால்தான் ஒரு கோலில் ஜெயித்தது.

ஆனாலும் அதை லட்சக்கணக்கானவர்களின் அணியாக ஆக்கியது எந்த வெற்றியும் இல்லை, அன்பர்களே. 1947-இல் நாடு துண்டானது. கிழக்கே வீடு, வயல், குளம், தோப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரயில் ரயிலாக ஜனம் வந்து சியால்தா நிலையத்தில் இறங்கியது. நடைமேடையிலேயே சமைத்தார்கள், நடைமேடையிலேயே பிள்ளை பெற்றார்கள். பிறகு யாதவ்பூர், விஜய்கட், பாகா ஜதீன் என்று தெற்குக் கல்கத்தாவின் சதுப்பிலும் புதரிலும் குடிசை போட்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அவர்கள் பேசும் வங்காளி வேடிக்கையாக இருந்தது. சில ஆண்டுகளில் அவர்கள் விட்டுவந்த மண்ணின் பெயரே கிழக்குப் பாகிஸ்தான் என்று மாறியது. 1971-க்குப் பிறகு அது வங்கதேசம். கிழக்கு வங்காளம் என்ற பெயர் தேசப்படத்திலேயே இல்லாமல் போய்விட்டது. கொல்கத்தா மைதானத்தில், ஒரு சிவப்பு-மஞ்சள் சட்டைக்கு மட்டும் அந்தப் பெயர் மிச்சம் இருந்தது! எல்லாவற்றையும் இழந்து வந்தவன் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொள்ளாமல் வேறு எதைப் பிடித்துக்கொள்வான்?

ஜனம் வந்து இறங்கிய அந்த ஆண்டுகளில், 1949, 50, 51 என்று தொடர்ந்து மூன்று முறை ஈஸ்ட் பெங்கால் ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றது. முன்னணியில் ஆடிய ஐவரைப் பஞ்ச பாண்டவர் என்றே ஊர் கொண்டாடியது. வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. பெயர்களைக் கேட்டாலே தெரிகிறதல்லவா? ஐந்து பேருமே தெற்கத்தியர். ஒருவர்கூட வங்காளி இல்லை. விட்டுவந்த பத்மா நதிக்கரையை நினைத்து அழுதவனின் கண்ணீரைத் துடைத்தவர்கள் நம் பக்கத்து ஆட்டக்காரர்கள் என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

யாதவ்பூரில் என் வீட்டுக்காரர் ஒரு முதியவர். ஒருநாள் பழைய தகரப் பெட்டியைத் திறந்து ஒரு பழுப்பு உறையைக் காட்டினார். உள்ளே இரண்டு சங்கதிகள் இருந்தன. ஒன்று, கிழக்கே பரிசால் ஜில்லாவில் அவருடைய அப்பாவுக்கு இருந்த நிலத்தின் பத்திரம், மடிப்பு மடிப்பாகக் கிழிந்தது. அதை வைத்துக்கொண்டு இனி எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது. மற்றது, நூல் போட்டுக் கட்டிய மைதான டிக்கெட் துண்டுகள். அப்பா அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போன ஆட்டங்களின் டிக்கெட்டாம். எந்த ஆட்டத்தில் என்ன ஸ்கோர் என்று அவருக்கு நினைவில்லை. திரும்பும் வழியில் அப்பா வாங்கித் தந்த வேர்க்கடலையும், கூட்டத்தில் நழுவிவிடாமல் கணுக்காலை அப்பா இறுக்கிப் பிடித்த பிடியும் நினைவிருந்தன.

அவருடைய அணி மோகன் பகானை வென்ற நாட்களில் கரியாஹாட் சந்தையிலிருந்து ஹில்சா மீன் வரும். கடுகு விழுது போட்டு அந்த வீட்டு அம்மா சமைத்து எனக்கும் ஒரு துண்டு அனுப்புவார். மோகன் பகான் வென்றால் எதிர் வீட்டில் இறால். அன்றைக்குச் சந்தையில் அந்தந்த மீனின் விலை ஏறிவிடும்.

அப்படியானால் எல்லாம் ரத்தம்தானா, சாதி போலப் பிறப்பால் மட்டும் வருவதா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. மோகன் பகானின் தலைமகன் சுனி கோஸ்வாமி பிறந்தது கிழக்கே கிஷோர்கஞ்சில். ஆடிய காலம் முழுவதும் அவர் வேறு சங்கத்துக்குப் போகவில்லை. 1911-இல் வெறுங்காலோடு நின்றவர்களிலும் கிழக்கத்தியர் பலர். பழகிய மனிதர்களும் ஓடியாடிய மைதானமும் அவர்களை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டன. ரத்தத்தைவிடக் கூட இருத்தல் பெரிது என்பதே என் கட்சி.

ஆட்டக்காரர்கள் இடம் மாறுவார்கள். அது அவர்கள் பிழைப்பு, குற்றமில்லை. வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்கு ஆடிய பீட்டர் தங்கராஜ், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கோல்கீப்பர், கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் ஆடினார். மூன்று பக்கமும் அவரைக் கொண்டாடினார்கள். கேலரியில் உட்கார்ந்தவன் மட்டும் மாறவில்லை.

எவ்வளவு ஆழம் இது! 1975 செப்டம்பர் 30 அன்று ஷீல்டு இறுதியில் ஈஸ்ட் பெங்கால் ஐந்து கோல் போட்டு மோகன் பகானை வீழ்த்தியது. கிழக்கே கொமில்லாவில் பிறந்த எஸ்.டி. பர்மன், மாபெரும் இசையமைப்பாளர், அப்போது நினைவிழந்து படுக்கையில் கிடந்தார். மகன் ஆர்.டி. பர்மன் அந்த ஸ்கோரைக் காதில் சொன்னபோது ஒருமுறை கண் திறந்தார் என்று இன்றும் சொல்கிறார்கள். அடுத்த மாதம் அவர் மறைந்தார்.

அந்த ஆழத்தில் விஷமும் உண்டு. அதைச் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கக் கூடாது. 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன். இதே இரண்டு அணிகள். கேலரியில் மூண்ட கலவரத்தில், நெரிசலில் 16 பேர் செத்தார்கள். காலையில் பந்தாட்டம் பார்க்கப் புறப்பட்ட பிள்ளைகள். அணியின் பெயரால் கை ஓங்குகிறவனுக்கு அந்த அணியில் இடமில்லை. இதில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது.

அதே ஊர் நாற்பத்து நான்கு ஆண்டு கழித்து என்ன செய்தது? 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஓர் இளம் பெண் மருத்துவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். அதே மாதம் இந்த இரண்டு அணிகளும் மோதவிருந்த டூரண்ட் கோப்பை ஆட்டத்தைப் பாதுகாப்புக் காரணம் காட்டி ரத்து செய்தார்கள். ஆட்டம் இல்லை, ஆனால் ஜனம் வந்தது! பச்சைக் கொடியும் மஞ்சள் கொடியும் சால்ட் லேக் அரங்கத்துக்கு வெளியே ஒன்றாக நின்று நீதி கேட்டன. முகமதன் ஸ்போர்ட்டிங் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். நூறாண்டுப் பகைக்குள் இவ்வளவு உறவு இருந்திருக்கிறது.

இன்னொன்று. 2020-இல் மோகன் பகானை ஏ.டி.கே. என்ற அணியோடு இணைத்து, பெயருக்கு முன்னால் அந்த மூன்றெழுத்தை ஒட்டினார்கள். பணம் வந்தது, நட்சத்திரங்கள் வந்தார்கள், 2023-இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையே வந்தது. ரசிகன் சமாதானம் ஆகவில்லை. அந்த மூன்றெழுத்தை எடு என்று விடாமல் கேட்டான். கோப்பை வென்ற அதே ஆண்டில் எடுத்தார்கள். தாத்தா சொன்ன பெயரைக் கோப்பைக்குக்கூட விற்க மாட்டேன் என்று நின்றவன்தான் ஆயுள் ரசிகன்.

முன்வரிசையில் பார்சிலோனா சட்டையோடும் மான்செஸ்டர் சட்டையோடும் உட்கார்ந்திருக்கிற தம்பிகளே, நீங்கள் போட்டிருக்கும் சட்டையைக் கழற்றச் சொல்ல நான் வரவில்லை. மெஸ்ஸியின் ஆட்டத்துக்கு மயங்காதவன் யார்? ஆனால் அவர் பார்சிலோனாவிலிருந்து பாரிஸுக்கும், அங்கிருந்து மயாமிக்கும் போனபோது சட்டையை மாற்றியவர்கள் உங்களில் எத்தனை பேர்? அது ஒரு மனிதர்மேல் வைத்த ஆசை. அணியோடு உறவு வேறு. அதற்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு மைதானம் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கத்த ஓர் ஆள் வேண்டும். தோற்ற நாளிலும் மறுவாரம் போக வேண்டும்.

அதனால் பெற்றோர்களிடம்தான் என் வேண்டுகோள். நம் ஊரில் உள்ளூர் லீக் ஆட்டங்கள் நடக்கின்றன, கேலரி காலியாகக் கிடக்கிறது. வியாசர்பாடிப் பிள்ளைகள் தெருவிலும் திடலிலும் ஆடுகிற ஆட்டத்தைப் பார்க்க டிக்கெட்டே வேண்டாம். சென்னையின் எஃப்.சி. இரண்டு முறை ஐ.எஸ்.எல். வென்ற அணி. அது தோற்கிற பருவத்திலும் போய் உட்காருங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை செல்போனை வீட்டில் வைத்துவிட்டு, உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்து ஓர் ஆட்டத்துக்கு அழைத்துப் போங்கள். வேர்க்கடலை வாங்கிக்கொடுங்கள். எந்தப் பக்கம் கத்த வேண்டும் என்று பிள்ளை கேட்டால், தயங்காமல் நம்ம பக்கம் என்று சொல்லுங்கள்.