கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும்

(பொன்விழா ஆயத்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

பொன்விழா நினைவாக, கிளைக் கிராமச் சிற்றாலயங்களுக்கு எடுத்துச் செல்லத்தக்க ஒலிபெருக்கி ஒன்று வாங்குவதென்று பங்குப் பேரவை தீர்மானித்திருக்கிறது. எதை வாங்கலாம் என்பதுபற்றிச் சில வார்த்தைகள் சொல்லுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நான்கு குழாய் ஸ்பீக்கர் கட்டி ஊர் முழுதும் முழங்கவேண்டும் என்பது சிலருடைய விருப்பம். அவர்கள் ஆர்வத்தைப் பாராட்டுகிறேன். ஆயினும் நமக்கு வேண்டியது பெரிய சத்தமா, தெளிவான சொல்லா என்பதை முதலில் முடிவு செய்துகொள்வோம்.

ஒரு காலத்தில் பூசை இலத்தீனில் நடந்தது. குருவானவர் பல செபங்களைத் தாழ்ந்த குரலில் சொல்வார். மக்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, தாய்மொழிக்கு வழி திறந்தது. தாய்மொழியில் வாசித்தும் காதில் விழவில்லையென்றால் என்ன பயன்? குருவும் வாசகரும் சொல்வது மக்களுக்குச் சிரமமின்றிக் கேட்கவேண்டும், அதற்கு நவீன சாதனங்களின் துணையைக் கொள்ளலாம் என்று திருப்பலி நூலின் பொது விதிகளும் கூறுகின்றன. ஆகவே ஒலிபெருக்கி ஆடம்பரமன்று, வழிபாட்டின் ஊழியன்.

இனி, சொல் எப்படித் தெளிவடைகிறது என்று பார்ப்போம். குரலின் கனம் தாழ்ந்த ஒலிகளில் இருக்கிறது. மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுவதோ பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகள். இவை மங்கினால் "பலி" என்பது "பழி" என்று கேட்கும். எனவே பேச்சுக்கு "பாஸ்" திருகைக் குறைத்து வைப்பதே நல்லது. குழாய் ஸ்பீக்கர் திறந்த வெளியில் வெகுதூரம் எட்டும். ஆனால் சுண்ணாம்புச் சுவரும் சிமெண்டுத் தரையும் உள்ள சிறு கோவிலுக்குள் அதை அலறவிட்டால், ஒலி சுவரில் மோதித் திரும்பி, அடுத்த சொல்லின்மேல் விழுந்து அதை மூடிவிடும். சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடவே வளரும்!

கடையில் பெட்டியின்மேல் ஆயிரக்கணக்கான வாட் என்று அச்சிட்டிருப்பார்கள். பி.எம்.பி.ஓ. என்ற அந்தக் கணக்கை நம்பவேண்டாம், ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று கேளுங்கள். 50, 60 பேர் அமரும் சிற்றாலயத்தில் பேச்சுக்கு உண்மையான 50 வாட் தாராளம். வாட்டை இரட்டித்தால் சத்தமும் இரட்டிக்கும் என்று எண்ணவேண்டாம். 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இருமடங்காகத் தோன்றவேண்டுமானால் ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே அந்தப் பணத்தை நல்ல மைக்கில் போடுவது புத்தி.

மைக் முன்புறத்து ஒலியை மட்டும் அதிகமாக ஏற்பதாக இருக்கட்டும். கம்பியில்லா மைக் வசதிதான். ஆனால் பூசை நடுவே அதன் பேட்டரி தீர்ந்தால் என் செய்வது? கம்பியுள்ள மைக் ஒன்று எப்போதும் பெட்டியில் இருக்கவேண்டும். வாசகர் வாயிலிருந்து ஒரு சாணுக்குள் மைக் இருப்பது நலம். ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால், மக்களை நோக்கி, உட்கார்ந்திருப்போர் தலைக்குமேல் வருமாறு தாங்கியில் நிறுத்துங்கள். பீடத்தின் பின்னால் வைத்தால் அதன் ஒலி மறுபடி மைக்கில் புகுந்து "கீ" என்று கூவும்.

கல்லறை மந்திரிப்புக்கும் சிலுவைப்பாதைக்கும் மின்சாரம் எங்கே கிடைக்கும்? ஆகவே உள்ளேயே பேட்டரி உள்ள பெட்டியாகவும், ஒருவர் தனியாகத் தூக்கத்தக்கதாகவும் இருக்கவேண்டும். ஈய அமில பேட்டரியானால், வேலை இல்லாத மாதத்திலும் சார்ஜ் ஏற்றவேண்டும். தீர்ந்தபடியே போட்டுவைத்தால் கெட்டுவிடும். இந்தப் பொறுப்பைப் பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

வாங்குமுன், கடைக்காரரைக் கேட்டு ஒரு நாள் சாதனத்தை நம் சிற்றாலயத்துக்கே கொண்டுவாருங்கள். ஒரு பிள்ளையை வாசகம் வாசிக்கச் சொல்லி, காது சற்று மந்தமான பாட்டி ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவையுங்கள். "சத்தம் போதுமா?" என்று அவரைக் கேட்காதீர்கள்; "என்ன வாசித்தார்கள், சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அந்தத் தாய் திருப்பிச் சொன்னால் வாங்கலாம்.

கடைசியாக, நம் அயலாரையும் நினைப்போம். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை வெளியில் ஒலிக்கச் செய்யலாகாது. பிறர் அமைதியைக் குலைத்துச் செபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று, சென்னைச் சபையொன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்டில் எடுத்துரைத்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கோவிலை அடுத்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் மாணவனும், காய்ச்சலில் படுத்திருக்கும் முதியவரும் எந்த மதத்தவரானாலும் நம் அயலாரே அல்லவா? அவர்களைத் துன்புறுத்திவிட்டுப் பிறரன்பைப் பற்றி மறையுரை கேட்பது பொருந்துமா?

ஊரைக் கூட்டுவதற்கு நம் கோவில் மணி இருக்கிறது. வந்து அமர்ந்தவர்களுக்குத் திருவார்த்தை ஒரு சொல்லும் சிந்தாமல் சேர்வதற்கே இந்தச் சாதனம். சிறியதாக வாங்குவோம், நல்லதாக வாங்குவோம், மிஞ்சும் பணத்தில் இரண்டாவது கிராமத்துக்கும் ஒன்று வாங்குவோம்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!